பவுன்ராசு நீட்டிய விரல்

அண்ணே, ஒரு ஒதவி. நீங்க சன்னலோரமா தள்ளி உக்காந்துக்கிறீங்களா? எனக்குக் காத்தெல்லாம் வேணாம். இந்த முன்சீட்டுக் கம்பிதான் வேணும். இதுமேல நெஞ்சச் சாச்சுக் குனிஞ்சுக்கிட்டாத்தான் மூச்சு விட முடியுது. நிமிந்து உக்காந்தா அவன் ஒதைப்பான்.

யாரு ஒதைப்பான்னா கேக்குறீங்க? சொல்றேன். தேனி வரைக்கும் நேரம் கெடக்குல்ல.

கூடையில பிளாஸ்க்கு, துண்டு, புதுத் தம்ளர். ஆஸ்பத்திரிக்குத்தான போறீங்க? பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. நானும் அந்தப் பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன்தான். யாருக்கு, தம்பிக்கா? கால் முறிவா? அது தேவலண்ணே. எலும்பு ஒட்டிக்கிரும். எங்க பவுன்ராசுக்கு வந்தது மாதிரி யாருக்கும் வரக்கூடாது.

பவுன்ராசு எந் தங்கச்சி புருசன். எனக்கு மாப்ள. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சின்னமனூர்ல பந்தல் போடுறோம். போட்டோம். சன்னாசி பந்தல்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எழவு எதுன்னாலும் நாங்கதான். அவன் மேல ஏறிக் கட்டுவான், நான் கீழ நின்னு குழாயத் தூக்கிக் குடுப்பேன். ஒரு நாள்கூட ஒருத்தன் சொன்னது ஒருத்தனுக்கு வெளங்காமப் போனதில்ல. தங்கச்சியக் கட்டிக் குடுத்ததே அவன விட்டுப் பிரியக்கூடாதுன்னுதான்னு ஊருல கேலி பண்ணுவாங்க. அதுலயும் பாதி உண்மைதான்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. பந்தல் போடும்போது சரக்கத் தொடமாட்டோம். மேல நிக்கிறவன் தடுமாறக்கூடாதுல்ல. பிரிக்கிற அன்னிக்குத்தான். பந்தல் சீலையச் சுருட்டி, குழாயெல்லாம் வண்டியில ஏத்தின கையோட, விசேச வீட்டுக்காரங்களே பாட்டிலும் பிரியாணி அண்டாவுல அடியில கெடக்குறதும் குடுத்து விட்ருவாங்க. அந்த அடிப் பிரியாணி எண்ணெயில மெதக்கும் பாருங்க, அதுக்கு ஈடே கெடையாது. முகூர்த்த மாசம்னா அனேகமா தெனமும் ஒரு பந்தல் பிரியும். வேற எப்பவும் குடிக்கிறதில்லண்ணே. நாங்க குடிகாரங்க கெடையாது.

இப்படித்தான் போன தை மாசம், கம்பத்து ரோட்டுல ஒரு மண்டபத்துல பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கோம். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் அப்படியே வயித்தப் புடிச்சுச் சுருண்டுட்டான். மேல்வயிறு. இந்தா, நெஞ்சுக்குழிக்குக் கீழ. குத்துதுங்குறான், முதுகு வழியா வெளிய வருதுங்குறான். வாந்தின்னா வாந்தி, பச்சப் பச்சயா. நான் கேஸுன்னு நெனச்சேன். சோடா வாங்கிக் குடுத்தேன், ஓமத்தண்ணி குடுத்தேன். மல்லாக்கப் படுக்க வச்சா கத்துறான். குனிஞ்சு முட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்தா மட்டும் கொஞ்சம் அடங்குது. சரிப்பட்டு வராதுன்னு குழாய் ஏத்துற வண்டியிலயே போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

வாசல்லயே கேட்டாங்க, கூட யாருன்னு. நான்தான், மச்சான்னேன். நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன் அன்னிக்கு.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்துட்டு, கணையம் வீங்கியிருக்குன்னுச்சு. எனக்கு அப்படி ஒண்ணு உடம்புல இருக்குறதே அன்னிக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியுமாண்ணே? எரைப்பைக்குப் பின்னாடி ஒளிஞ்சு படுத்துக் கெடக்குமாம். நாம திங்கிறத செரிக்க வைக்க ஒரு நீரு சொரக்குமாம். சிலருக்குப் பித்தப்பையில கல்லு இருந்தா அது வீங்குமாம், சிலருக்குக் குடியினால வீங்குமாம். இவனுக்குக் கல்லு இல்லன்னுட்டாங்க. வீங்கிட்டா, அந்த நீரு சோத்தச் செரிக்கிறதுக்குப் பதிலா அந்தக் கணையத்தையே செரிச்சிருமாம்.

தன்னையே தான் திங்குமாம்ணே. மொத தடவ கேட்டப்ப மசுரெல்லாம் நட்டுக்கிச்சு. இப்பவும் படுத்தா அதுதான் நெனப்பு வருது. இருட்டுல எதோ ஒண்ணு படுத்துக்கிட்டுத் தன்னையே தின்னுக்கிட்டு இருக்கு.

மருந்துன்னா பெருசா ஒண்ணும் குடுக்கலண்ணே. வலிக்கு ஊசி போட்டாங்க. பாட்டில் பாட்டிலா டிரிப்பு ஏத்தினாங்க. வாயி வழியா ஒண்ணும் கூடாதுன்னுட்டாங்க. அந்த உறுப்புக்கு ஓய்வு குடுக்கணுமாம். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக் கஞ்சித் தண்ணி, அப்புறம் கொழைஞ்ச சோறு, எண்ணெயில்லாம இட்லி. அப்பத்தான் நான் பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு அலைஞ்சது. பய தேறிட்டான். சும்மா சொல்லக் கூடாது, அந்தம்மா நல்லாத்தான் பாத்துச்சு.

வீட்டுக்கு அனுப்பும்போது எந் தங்கச்சி சுருளியம்மாவையும் என்னையும் நிக்க வச்சுப் பேசுச்சு. "இந்தத் தடவ தப்பிச்சிட்டார். குடிய அறவே விடணும். ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பீடியும் கூடாது. எண்ணெய் கம்மியா, கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடட்டும். சாப்பாட்டோட இந்த மாத்திரையப் போடணும், கணையம் சொரக்காதத இது குடுக்கும். சர்க்கரையும் அப்பப்பப் பாத்துக்கணும். இப்படி இருந்தா ரொம்ப வருசத்துக்கு நல்லாயிருக்கலாம். திரும்பக் குடிச்சிட்டு வந்தார்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

பக்கத்துக் கட்டில்லயே ஒரு லாரி டிரைவரு, செக்கப்புக்கு வந்தவரு. அவருக்கும் இதே வியாதிதானாம். விட்டு வருசக்கணக்காச்சாம், இப்ப வண்டி ஓட்டுறாராம். ஆளு நல்லாத்தான் இருந்தாரு. ஆனா மத்தியானம் அவர் பொஞ்சாதி கொண்டாந்த சோத்தப் பாத்தேன். ரசமும் அவிச்ச பீர்க்கங்காயும். இது ஒரு பொழப்பான்னு பவுன்ராசு காதுல கேட்டேன். அவன் சிரிக்கல. அவரையே பாத்துக்கிட்டு இருந்தான்.

வீரபாண்டி தாண்டிருச்சா? கொஞ்சம் இருங்கண்ணே. இப்படி நல்லாக் குனிஞ்சுக்கிறேன். ம். போயிருச்சு. இல்லல்ல, ஒண்ணுமில்ல. வெளையாடுறான்.

எங்க விட்டேன்? ஆங். வந்தான், சொன்னபடிக்கு இருந்தான். சுருளி அவன கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டா. பந்தல் பிரிக்கிற எடத்துக்கு வருவான், ஆனா ஒதுங்கி ஒக்காந்துக்கிட்டு மோரு குடிப்பான். எனக்கு எப்படி எறங்கும் சொல்லுங்க? எதிர்ல ஒருத்தன் மோரு குடிச்சுக்கிட்டு இருந்தா? பயலுக எல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. ஆனா நான் வற்புறுத்தல. ஒரு தடவகூட அவன் கையில பிராந்தியக் குடுத்ததில்ல. எந் தங்கச்சி தாலி மேல சத்தியம் பண்ணுவேன். பண்ணுவேன்னா, அப்பப் பண்ணியிருப்பேன்.

சித்திர வந்துச்சு. இந்த வருசம் வெயில் எப்படி அடிச்சதுன்னு தெரியும்ல. மேல ஏறினா குழாயத் தொட முடியாது. அவனுக்குக் கண்ணெல்லாம் எரியுது, நீர்க்கடுப்பு, ஒதடு வெடிச்சுக் கெடக்கு. மாத்திர ஓயாமச் சாப்பிட்டா உடம்பு சூடாயிரும்ல? வயித்துல புண்ணு ஆறாம இருக்குறதுக்கே அந்தச் சூடுதான் காரணம்னு எனக்குப் பட்டுச்சு. அதனால வீரபாண்டித் திருவிழாப் பந்தல் வேலையில, கடையில நல்லா ஐஸ் வச்ச பீரு ஒண்ணு வாங்கியாந்து குடுத்தேன். பீருண்ணே. அது சரக்கு இல்ல. அது குளிர்ச்சி. பார்லித் தண்ணிதான அது? அம்ம போட்டவங்களுக்கே பார்லித் தண்ணி குடுக்குறாங்க.

மொதல்ல வேணாம்னான். "மச்சான், அந்தம்மா சொட்டுக் கூடாதுன்னுச்சு"ன்னான். அது பிராந்தியச் சொல்லுச்சுடா, இத மருந்தாக் குடின்னேன். குடிச்சான். முகம் எப்படித் தெளிஞ்சது தெரியுமா? பழைய பவுன்ராசு திரும்பி வந்துட்டான். மேல ஏறிக் குழாயில ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு என்னையக் கிண்டல் பண்ணான். திருவிழா முடியுற வரைக்கும் தெனமும் வாங்கிக் குடுத்தேன். எங் கைக்காசுல. இதச் சுருளிகிட்டச் சொன்னா அவ கேக்கணும்ல? கேட்டதுலருந்து என் மொகத்துல முழிக்க மாட்டேங்குறா. கூடப் பொறந்தவ. நான் என்ன அவனுக்கு வெசமா குடுத்தேன்?

கடைசி நாள் பந்தல் பிரிக்கையில மறுபடியும் விழுந்துட்டான். இந்தத் தடவ வேற மாதிரி. வயிறு கல்லு மாதிரி ஆயிப்போச்சு. ஐ.சி.யூ.ல வச்சாங்க. கிட்னி வேல செய்யலன்னாங்க, மூச்சுக்கு மெசினு மாட்டணும்னாங்க, உள்ள அந்த உறுப்பு அழுகிக்கிட்டு இருக்குன்னாங்க. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தான். பஞ்ச நனச்சு ஒதட்டுல தொட்டு வச்சாங்க, அம்புட்டுத்தான் குடுக்கலாம்னாங்க. அவன் அந்தப் பஞ்ச ஒதட்டால புடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னான். நான் வெளிய போயி அழுதேன்ணே. நெசமா. ஆம்பள அழுதா என்ன, அவன் இல்லாம எனக்கு ஒரு கை இல்ல.

இப்பத்தான் நான் சொல்ல வந்த எடம். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துச்சு. சுருளி தலமாட்டுல நிக்கிறா, நான் கால்மாட்டுல நிக்கிறேன். பவுன்ராசு கண்ணத் தொறந்தான். டிரிப்பு ஊசி சொருகின கைய மெல்லத் தூக்கினான். பொண்டாட்டியத் தொடப் போறான்னு நெனச்சேன். இல்ல. வெரல நேரா என்னையப் பாத்து நீட்டினான். நீட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்டச் சொல்றான்:

"இவனையும் பாருங்க."

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் மெசினு மாட்டிட்டாங்க, அவன் பேசவே இல்ல.

நீங்களே சொல்லுங்கண்ணே. சாகப் போறவன் எதச் சொல்லணும்? புள்ளகுட்டியப் பாத்துக்கம்பான், கடைய விட்ராதம்பான். இவன் என்னையக் காட்டிக் குடுத்துட்டுச் செத்தான். நானும் குடிச்சேன்ல, நானும் சாகணும்னு நெனச்சிருக்கான். எல்லார் முன்னாடியும். நர்ஸு நிக்கிது, எந் தங்கச்சி நிக்கிறா. எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு. டாக்டரம்மா ஒடனே எம் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் வயித்து வலி வருமா? குடிப்பீங்களா? நாளைக்கு ஓ.பி.ல வந்து காட்டுங்க"ன்னுச்சு. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அதுக்கு முன்னாடியும் எப்பயாச்சும் லேசா வலிக்கும்தான். அது கேஸு. அது எல்லாருக்கும் வர்றது. இது வேற.

தேனி வந்துருச்சு. பத்து நிமிசம் போடுவான் இங்க. இந்த வடக் கட வாசன இருக்கே. எண்ணெயில பொரியிற சத்தம் கேட்டாலே அவனுக்கு வாயூறும், எறங்கி ஓடுவான். இருங்க, ரெண்டு வாங்கிக்கிறேன். காலையிலருந்து ஒண்ணும் திங்கல. திங்கப் பயம்மா இருக்கு, திங்காம இருக்கவும் முடியல. பஜ்ஜி போட்டிருக்கான், சூடா. நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க. வேணாமா? எனக்கும் வேணாம்னா சொல்றீங்க? நான் சுருளிகிட்டப் பேசுற மாதிரியே இருக்கு உங்ககிட்டப் பேசுறது. இது எனக்கு இல்லண்ணே, அவனுக்கு. நான் திங்கிறதெல்லாம் அவன்தான திங்கிறான்.

ஆமா. அத இன்னும் சொல்லலல்ல.

கருமாதி அன்னிக்குப் படையல் போட்டோம். செத்தவனுக்குப் புடிச்சத எல்லாம் வைக்கணும்ல? கறிக் கொழம்பு, முட்ட, பீடிக்கட்டு, பாட்டில். எங்க பக்கத்துல எல்லா வீட்டுலயும் வைக்கிறதுதான். சுருளி என்ன பண்ணா தெரியுமா? எளநியும் ரசஞ்சோறும் வச்சா. பாட்டில் வாசல்படி தாண்டக் கூடாதுன்னுட்டா. ஊரே அவளப் பாத்துக்கிட்டு இருக்கு. செத்தவன் பட்டினியாப் போவானேன்னு எனக்குப் பொறுக்கல. ஒரு குவாட்டர வாங்கி, யாருக்கும் தெரியாம அவன் போட்டோவுக்குப் பின்னாடி வச்சேன்.

படையல்ல வச்சதக் கீழ ஊத்தக்கூடாது. வீட்டு ஆம்பளைக குடிச்சு முடிக்கணும். மச்சான்காரன் நான் இருக்கேன்ல. மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாடி போயி, மாப்ள இது உனக்குன்னு சொல்லி, மடமடன்னு குடிச்சேன். கறிச்சோறு வேற தின்னேன். கொஞ்ச நேரந்தான். குத்துச்சு பாருங்க. அதே எடம். நெஞ்சுக்குழிக்குக் கீழ குத்தி, முதுகு வழியா வெளிய வந்துச்சு. பவுன்ராசு சொன்னானே, அச்சு அசலா அதே மாதிரி. அவனுக்கு வந்த வலி எனக்கு எப்படிண்ணே தெரியும்? அவன் வந்து காட்டினாத்தான தெரியும்? அந்தக் குவாட்டரோட அவன் உள்ள எறங்கிட்டான்.

அன்னிலருந்து நான் தனியா இல்ல. சிரிக்காதீங்க. சிரிக்கலயா? சரி.

குடிச்சா ஒதைக்கிறான். தான் குடிக்க முடியலயேன்னு வயித்தெரிச்சல். கறி தின்னா ஒதைக்கிறான். முன்னயெல்லாம் சட்ட எனக்கு இறுக்கமா இருக்கும். இப்பப் பாருங்க, ரெண்டு பேரு நொழையலாம். சோறு நல்லாத்தான் திங்கிறேன், உடம்புல ஒட்ட மாட்டேங்குது. எங்க போகுது? அவன் திங்கிறான். சொல்றதுக்குக் கூச்சமா இருக்கு, வெளிக்குப் போனா எண்ணெயா மெதக்குது, தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது. சத்தெல்லாம் அவன் எடுத்துக்கிட்டு எண்ணெய மட்டும் எனக்கு விடுறான்.

தாகம் வேற. அவன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே செத்தான்ல? அந்தத் தாகம் அப்படியே எனக்கு வந்துருச்சு. சொம்பு சொம்பாக் குடிக்கிறேன், நாக்கு ஒட்டிக்கிட்டே கெடக்கு. குடிச்சுக் குடிச்சு, ஒண்ணுக்குப் போயே ஓஞ்சு போறேன். அன்னிக்கு வீட்டுக்காரி கூப்பிட்டுக் காட்டுறா, கொல்லையில நான் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது. சாரை சாரையா. படையல்ல மொய்க்குமே, அப்படி. அவ சர்க்கரையா இருக்குமோன்னா. எங்க வம்சத்துலயே யாருக்கும் சர்க்கரை கெடையாதுடின்னு சத்தம் போட்டேன். அவளுக்கு எப்படிப் புரியும்? உள்ள ஒரு செத்தவன் இருந்தா எறும்பு வரத்தான செய்யும்?

உங்களுக்கு நம்பிக்க வரலைல? அப்பக் கேளுங்க. போன வாரம் சுருளி வீட்டுக்குப் போனேன். குழாய் கொஞ்சம் அவ வீட்டுக் கொல்லையில கெடக்கு, அத எடுக்க. அவ என்னையப் பாக்காம உள்ள போயிட்டா. வலி வந்துச்சு. வாசல்லயே உக்காந்து, முட்டியக் கட்டிக்கிட்டுத் தலைய வச்சுக்கிட்டேன். உள்ளருந்து வந்தவ பாத்தா பாருங்க, கையில இருந்த அரிசி பொடைக்கிற சொளக அப்படியே போட்டுட்டா. "அண்ணே"ன்னா. அவன் செத்ததுலருந்து அன்னிக்குத்தான் என்னைய அண்ணேன்னு கூப்பிட்டா. "அவரு உக்காந்த மாதிரியே உக்காந்திருக்கியேண்ணே"ன்னா. சொல்லிட்டு அழுவுறா.

பாத்தீங்களா? கட்டினவளுக்கே தெரிஞ்சுபோச்சு. அவ புருசன அவ அடையாளம் கண்டுக்கிட்டா.

உள்ள ஓடிப் போயி அவன் தின்ன மிச்ச மாத்திரையக் கொண்டாந்து எங் கையில திணிச்சா. "இதப் பாரு, அந்த டாக்டரம்மாவப் போயிப் பாரு, இன்னைக்கே போ, நானும் கூட வாரேன்"னு எங் கால்ல விழுந்துட்டா. பாவம், பயந்துட்டா. செத்தவன் பொருள வீட்டுல வச்சிருக்கப் பயம். கொண்டு போயித் தொலச்சுருன்னு எங்கிட்டக் குடுத்துட்டான்னு புரிஞ்சுக்கிட்டேன். வாங்கிப் பையில போட்டேன்.

அப்புறந்தான் இப்ப நான் போற இந்த முனி கோயிலப் பத்திச் சொன்னாங்க. ஆண்டிபட்டியில எறங்கி ஆத்தங்கரைக்கு வேற வண்டி ஏறணும். பூசாரி பெரிய ஆளு. எனக்கு முன்னாடி போயிட்டு வந்தவன் சொன்னான், குறி கேக்காமயே எல்லாத்தையும் சொல்லிருவாராம். போன்ல பேசினேன். "ஆசையோட போனவன், ஆசையத் தீத்தாத்தான் போவான். அவன் குடிச்ச அதே சரக்கு, முழுப் பாட்டிலு கொண்டா. உச்சி நேரத்துல உக்கார வச்சு, ஒரே மூச்சுல உன் வாயால அவனக் குடிக்க வைப்பேன். அவன் வயிறு நெறஞ்சதும் எறங்கிருவான்"னாரு. இந்தா, இந்த மஞ்சப்பையில இருக்கு. பாட்டில், அவன் துண்டு, அந்த மாத்திர. மாத்திரைய ஆத்துல விட்ரச் சொல்லிருக்காரு.

வீட்டுல சொல்லல. தேனிக்குப் பந்தல் சீலை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஏண்ணே இப்படிப் பாக்குறீங்க? அந்தப் பையத் தொடாதீங்க, ஒடஞ்சிரும்.

ஒண்ணு சொல்லட்டுமா? ஒரு வகையில மனசு கேக்கல. வெரட்டப் போறேன்ல அவன. இத்தன மாசமா உள்ளயே இருக்கான். ஒதைக்கிறான்தான், ஆனா இருக்கான்ல. வெரட்டிட்டா நான் யாருகிட்ட மாப்ளன்னு சொல்லப் போறேன்? ஒவ்வொரு தடவ வலி வரும்போதும் அவன் வெரல் தெரியுதுண்ணே. அந்த ஊசி சொருகின வெரல். கேட்டுக்கிட்டே இருக்கு, இவனையும் பாருங்க, இவனையும் பாருங்கன்னு. அதத்தான் தாங்க முடியல. வலியக்கூடத் தாங்கிருவேன். நான் அவனுக்கு என்னடா கொற வச்சேன்னு ஒரு தடவ நேர்ல கேட்டுட்டேன்னா போதும்.

அந்தப் பஜ்ஜி...

ஸ். ஐயோ. இருங்க. ம்ம். கொஞ்சம் தண்ணி... வேணாம், வாந்தி வருது. கம்பியப் புடிச்சுக்கிறேன். இல்ல, இது நிக்காது, இது பெருசு. அம்மா. இவன் ஏன் இன்னைக்கு இம்புட்டுப் பண்றான்? பையத் தாங்க. ஒரு மூடி போட்டா அடங்கும். குடுங்க பைய. ஏன் பிடுங்குறீங்க? அது எனக்கில்லண்ணே, அவனுக்கு. சொன்னேன்ல!

எந்த ஊரு இது? கண்டக்டர் என்ன கத்துறாரு? ஆஸ்பத்திரி விலக்கா? நீங்க எறங்குங்க, உங்க எடம் வந்துருச்சு. கைய விடுங்க. ஏன் மணிக்கட்டப் புடிக்கிறீங்க? என்ன சொன்னீங்க கண்டக்டர்ட்ட? திருப்பிச் சொல்லுங்க. நான் கேட்டேன். நான் நல்லாக் கேட்டேன்.

"இவரையும் எறக்குங்க."

வெரல மடக்குங்கண்ணே. நீட்டாதீங்க. அப்படி நீட்டாதீங்க.

மாப்ள?

நீயா? அவ்வளவு தூரம் பக்கத்துல உக்காந்து, நான் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தது நீதானா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா. அப்பவே தெரியணும் எனக்கு. பஜ்ஜிய வேணாம்னப்பவே தெரிஞ்சிருக்கணும்.

சரிடா. வந்துர்றேன். முனி கோயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே என்னால உங்கூட மல்லுக்கட்ட முடியாது. பைய நீயே வச்சுக்க, உன் பாட்டிலுதான் அது, என்னமோ பண்ணிக்க. மெதுவா. படி ஒசரமா இருக்கு. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்கய்யா, எங்க மாப்ள என்னையக் கூப்பிட வந்திருக்கான். சுருளி அழுவா. எம் பொண்டாட்டி தேனியில சீலை வாங்குறேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பா. போகட்டும்.

கைய மட்டும் விட்றாத. வாசல்லயே கேப்பாங்க, கூட யாருன்னு. நீதான்னு சொல்லு.